வன்தட்டில் ஏடு கலைதல்

சுவடி பயின்றார்க்கு ஏடு கலைதல் புதியதன்று. கயிறற்ற கட்டில் ஏடுகள் முன்பின்னாகக் கலந்துகிடப்பின், ஓரத்திலிட்ட எண்ணைக்கொண்டே அவற்றை அடைவுபடுத்துவர். இல்லங்களிலுள்ள கணிப்பொறியின் வன்தட்டிலும் இதனையொத்ததொரு குழப்பம் நாடோறும் நிகழ்கின்றது.

வன்தட்டு என்பது காந்தப்பூச்சுடைய வட்டத் தகடு. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதற்கருவியில் 24 அங்குல விட்டமுள்ள தகடுகள் 50 இருந்தன. அவை யாவும் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்தே! இக்காலத்துத் தகடு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். அதன்மேல் ஒரு முனை உள்ளும் புறமுமாக நகர்ந்து படிக்கின்றது. தட்டின் இடமோ சிற்றறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. விண்டோஸில் ஓரறைக்குப் பொதுவாக 4096 பைட்டு.

ஒரு கோப்பை நாம் அழிக்குங்கால் அதன் எழுத்துக்கள் உடனே அழிவதில்லை. அவ்வறைகள் காலியென அட்டவணையிற் குறிக்கப்படுகின்றன, அவ்வளவே. பின்வரும் பெருங்கோப்பிற்குத் தொடர்ந்த இடம் கிடையாதாயின், அது கிடைத்த அறைகளில் துண்டு துண்டாக அமர்த்தப்படும். எத்துண்டு எவ்வறையிலுளது என்பது அட்டவணையில் இருத்தலின் பொருள் கெடுவதில்லை, காலமே கெடுகின்றது. 7200 சுற்றுத் தட்டில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லிசெகண்டு ஆகும். ஆயிரந் துண்டான கோப்பிற்குத் துண்டுதோறும் அரைச்சுற்றுக் காத்திருப்பினும் 4 செகண்டு வீணாம். முனை நகரும் நேரம் வேறு.

துண்டுகளை வரிசைப்படுத்தும் வினைக்கு டிஃப்ராக் என்று பெயர். பெயர்த்துவைக்க வெற்றிடம் வேண்டுமாதலின், விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நூற்றுக்கு 15 பங்கேனும் காலியாக வைக்கச் சொன்னார்கள். திண்ணைவரை சாமான் அடைந்த வீட்டில் பரண் ஒழிப்பது எங்ஙனம்? 2007-இல் வந்த விஸ்டா முதலாகப் பொறியே இதனைக் குறித்த நாளிற் செய்துகொள்கின்றமையின், அன்பர் சிலர் நாடோறும் இதனைத் தாமே இயக்கி மகிழ்வது வீண் உழைப்பென்பது என் கருத்து. நகரும் முனையில்லாத எஸ்.எஸ்.டி. கருவிக்கோ இது வேண்டற்பாலதன்று. எத்தனை முறை எழுதலாம் என்னும் எல்லையுடைய அதன் அறைகளை இது தேய்ப்பதே மிஞ்சும்.

சிதறலினும் அஞ்சத்தக்கது இழப்பு. தில்லையில் பூட்டிய அறையொன்றிற் கிடந்த தேவாரச் சுவடிகள் பெரும்பாலும் செல்லரித்துப்போக, எஞ்சியவற்றையே சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்பது மரபு. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயலையும், 2015-இல் வெள்ளத்தையும் கண்ட கடலூர்ப் பகுதியார்க்கு நீரும் மின்தடையும் அறியாதனவல்ல. ஆகவே வேண்டிய கோப்புகளுக்கு வேறொரு கருவியிற் பிரதியெடுத்து, வேற்றூர் உறவினர் இல்லத்தில் வைத்தல் நலம். தட்டிலிருந்து ‘கடக், கடக்’ என்னும் ஓசை எழின் டிஃப்ராக்கைத் தொடவே கூடாது. அவ்வேலை நோயுற்ற முனையை மேலும் அலைக்கும். முதலிற் பிரதியெடுக்க, பின்னர்த் தட்டை மாற்றுக.