அச்சில் இருந்தும் கண்ணில் படாதவை

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஓடினால்தான் ரப்பர் கெடும் என்றில்லை. நின்ற இடத்திலேயே வெயில் பட்டு இறுகும், பிறகு மயிரிழை போல வெடிப்பு விடும். பட்டன் தேயாத டயர் நல்ல டயர் என்று நம்பி நெடுஞ்சாலையில் ஏறுவது அதனால்தான் ஆபத்து. இந்த நம்பிக்கையை அதிகம் வளர்ப்பது ஸ்டெப்னி. டிக்கிக்குள் பத்து ஆண்டு கிடந்த பிறகும், வார்ப்பிலிருந்து வந்த ரப்பர் முடிகள்கூட உதிராமல் புத்தம்புதிதாகத் தெரியும். பழைய கார் வாங்குபவர் ஐந்து டயர்களின் எண்ணையும் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் காணாவிட்டால் உள்பக்கம் இருக்கும்; பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது ஈரத்துணியால் சேற்றைத் துடைத்தால் தெரிந்துவிடும்.

காற்றின் அளவும் அப்படித்தான். டயரின்மேல் உள்ள எண் அது தாங்கும் உச்ச அழுத்தம். நிரப்ப வேண்டிய அளவு, பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அளந்தால்தான் அது சரியான கணக்கு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கிச் சூடேறும். கோடையில் டயர் வெடித்தால் வெயிலை மட்டும் பழிப்பது தவறு.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையுடன் 'ஐஎஸ் 4151' என்ற எண் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்கித்தான் அடியை வாங்குகிறது, நசுங்கிய இடம் மீண்டும் எழாது. விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, ஓட்டில் கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

மருந்துக் கடையில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை தரும்போது, காலாவதித் தேதி உள்ள ஓரம் பல நேரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. சில மாதம் கழித்து வீட்டு டப்பாவில் கிடக்கும் துண்டில் பெயரும் பாதி, தேதியும் இல்லை. தேதியுள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குவதும், மாத்திரையை மறு ஓரத்திலிருந்து எடுப்பதும் நல்ல பழக்கம்.

பிராண்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் அதைவிட முக்கியம். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் பாரசிட்டமால் நான்கு வேளை, கூடவே சளிக்கு வேறொரு மாத்திரை நான்கு வேளை என்று பலர் போடுகிறார்கள். சளி மாத்திரையிலும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இருந்தால், அன்றைய மொத்தம் 4,600 மில்லிகிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4,000தான். குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு அதற்கும் கீழே. மீறினால் பாதிக்கப்படுவது கல்லீரல்.

மருத்துவக் காப்பீட்டில் குடும்பங்களைத் திணறடிக்கும் சிற்றெழுத்து, அறை வாடகை வரம்பு. 3 லட்சம் ரூபாய் பாலிசியில் வரம்பு 1 சதவீதம் என்றால், நாளொன்றுக்கு 3,000 ரூபாய். நோயாளி 6,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையின் மிச்சத்தைக் கட்டுவதோடு செலவு முடியும் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். அப்படி முடிவதில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படலாம். அவை ஒரு லட்சமானால் ஐம்பதாயிரம் கையிலிருந்து போகும். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றின் தொகையை இப்படி விகிதப்படி வெட்டக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அறையின் வகையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளுக்கும் இந்த வெட்டு பொருந்தாது. ஆகவே அட்மிஷன் மேசையில் கையெழுத்திடும் முன்பே இரண்டையும் கேளுங்கள்: பாலிசியின் வாடகை வரம்பு எவ்வளவு, அறை மாறினால் மற்றக் கட்டணங்களும் மாறுமா?

புதிதாக எடுத்த பாலிசியின் நிபந்தனைகள் ஒத்துவராவிட்டால், ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கலாம்.