கடலடித் தரையும் மும்முக அளவாய்வும்: பூம்புகாரை முன்வைத்து

முன்னுரை

துறைமுகம், எண்ணெய்க் குழாய், காற்றாலை எனக் கடற்பரப்பின் பயன்பாடு பெருகிவருகிறது. எங்கு எதனை அமைக்கலாம் என முன்கூட்டி வகுப்பதே கடல்வெளித் திட்டமிடல். இந்திய–நார்வே ஒத்துழைப்பில் இதற்கான முன்னோடித் திட்டம் புதுச்சேரியிலும் இலட்சத்தீவிலும் தொடங்கப்பட்டது. நிலவியல், உயிரியல், தொல்லியல் ஆகிய மூன்றும் கடலடியை ஒருங்கே ஆராய வேண்டியதன் தேவையைப் பூம்புகார்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பூம்புகார்க் கடலாய்வு

கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1981 முதல் பூம்புகார்க் கடற்பகுதியை ஆராய்ந்தது. எதிரொலிமானி ஆழத்தை அளந்தது. பக்கவாட்டு ஒலியலைக் கருவி தரையின் மேற்பரப்பைப் படமாக்கியது. மற்றொரு கருவி படிவுகளுக்குக் கீழுள்ள அடுக்குகளைக் காட்டியது. பின்னர் முக்குளிப்போர் இறங்கி நேரிற் கண்டனர். அலைவாய்ப் பகுதியில் செங்கற் கட்டட எச்சங்களும் சுடுமண் உறைகிணறுகளும் கிடைத்தன. கடல் நிலத்தை அரித்து உட்புகுந்தமைக்கு இவை நேர்ச்சான்றுகளாகும்.

கரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்ட குதிரை இலாட வடிவ அமைப்போ வேறுவகைச் சிக்கலுடையது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதினும் 120 மீட்டரளவு தாழ்ந்திருந்து, பின்னர்ப் படிப்படியாக உயர்ந்தது. இவ்வுயர்வை மட்டும் கொண்டு கணித்தால், அவ்விடம் சங்ககாலத்திற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே மூழ்கியிருத்தல் வேண்டும். எனவே அதனைச் சங்ககாலக் கட்டடம் என்போர் நிலம் தாழ்ந்தமையை நிறுவ வேண்டும். அதனினும் தொன்மையானது என்போர் அக்கால மனித வாழ்விற்கு வேறு சான்று காட்ட வேண்டும். இயற்கைப் பாறை என்போர் அதன் பாறையியல்பை மெய்ப்பிக்க வேண்டும். மணிமேகலை கூறும் கடல்கோள் ஆய்வுக்குத் தூண்டுகோலாகலாம். அவ்வமைப்பின் காலத்தை அது தானே உறுதிசெய்யாது.

'பார்' என்னும் சொல்

கடலடிப் பாறைத்திட்டு மீனவர் வழக்கில் 'பார்' எனப்படும். தூத்துக்குடிக் கடலின் முத்துப்பார்கள் தனித்தனிப் பெயர் பெற்றவை. பாறை சிப்பிக்குப் பற்றிடம்; மீனுக்குப் புகலிடம். மூழ்கிய சுவரும் உடைந்த கப்பலும்கூட நாளடைவில் உயிரினம் படர்ந்து பாராகின்றன. ஆகவே ஒரு பாரைத் தோண்டி அகற்றுவது வாழிடத்தையும், சிலவிடங்களில் தொல்லெச்சத்தையும் ஒருங்கே அழிப்பதாகும். மீனவர் அறிந்த பார்ப் பெயர்களைத் தொகுத்தல் மூவகை ஆய்வுக்கும் தொடக்கமாக அமையும். அது தமிழாய்வாளர் ஆற்றத்தக்க பணியுமாகும்.

முடிவுரை

நார்வே 2005இல் தொடங்கிய 'மாரியானோ' திட்டம் ஆழம், படிவு, உயிரினம் ஆகியவற்றை இணைத்தே கடலடியை வரைகிறது. திருவள்ளூர் மாவட்டக் கரையில் டச்சுக்காரரின் வணிகத்தளமாக விளங்கிய பழவேற்காடும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் அருகருகே உள்ளன. இத்தகைய இடங்களில் கடலடியை ஆழப்படுத்துமுன் மும்முக அளவாய்வு முடிந்திருத்தல் இன்றியமையாதது. வாரி அகற்றப்பட்ட படிவடுக்கை மீண்டும் ஆராய வழியில்லை.