அநர்த்த தண்ட விரதமும் இயற்கைக் காப்பும்

சுற்றுப்புறச் சூழல் காப்பு என்பது இக்காலத்தார் புதிதாகக் கண்டறிந்த கடமை எனப் பலர் எண்ணுகின்றனர். சிராவகர்களாகிய நமக்கோ அது விரதங்களுள் ஒன்றாகவே விதிக்கப்பட்டுள்ளது. அதனை அன்றாட வாழ்வில் எவ்வாறு கைக்கொள்வது என்பதைச் சிந்திப்போம்.

உயிர்களைத் திரஸம், ஸ்தாவரம் என இருவகைப்படுத்துகிறது ஜைன ஆகமம். மண், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்டவை ஸ்தாவர ஜீவன்கள். அவை தொடு உணர்வு ஒன்றே உடையவை. ஓடி ஒளியவோ ஓலமிடவோ இயலாதவை. இன்று சுற்றுப்புறச் சூழல் என நாம் குறிப்பிடுவது பெரும்பாலும் இவ்வைந்தின் தொகுதியே. ஆகவே ஓர் ஆற்றைக் கெடுத்தல், நமது கொள்கைப்படி, எண்ணிறந்த உயிர்களுக்குச் செய்யும் ஹிம்சையாகும்.

முனிவர்கள் இவ்வுயிர்களுக்கும் தீங்கு செய்யாத மகாவிரதம் பூண்டவர்கள். இல்லறத்தாரால் அஃது இயலாது. உழவன் மண்ணைக் கிளறாமல் விதைக்க முடியாது. இல்லாள் தீ மூட்டாமல் சமைக்க முடியாது. இதனை உணர்ந்த ஆசாரியர்கள் இல்லறத்தானுக்கு ஓர் எல்லையை வகுத்தனர். தேவைக்குச் செய்வது வேறு; தேவையின்றிச் செய்வது வேறு. பின்னதை விலக்குவதே அநர்த்த தண்ட விரதம். சமந்தபத்திர ஆசாரியர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை மூன்று குணவிரதங்களுள் ஒன்றாக வைத்தார். அந்நூலின் வழியில் எழுந்த நம் அருங்கலச்செப்பும் இதனை எடுத்துரைக்கிறது.

பாபோபதேசம், ஹிம்ஸாதானம், அபத்யானம், துஸ்ருதி, பிரமாதசரியை என அநர்த்த தண்டம் ஐவகைப்படும். இவற்றுள் இறுதியான பிரமாதசரியை நம் பொருளுக்கு மிகவும் உரியது. பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்துக் கொட்டுதல், தீ வளர்த்தல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியவை இதில் அடங்கும். மூடாத குழாய், ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு, விருந்துக்குப்பின் குவியும் நெகிழிக் குப்பை ஆகியவற்றை இவ்விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நம் வீடுகளின் நிலை நமக்கே விளங்கும்.

வேளாண்மையைத் தொழிலாகக் கொண்டோர் நம்மவருள் மிகப் பலர். உழவினால் நேரும் ஹிம்சை உத்யோகி ஹிம்சை எனப்படும். இல்லறத்தான் அதனை முற்றும் தவிர்க்க இயலாது. ஆயினும் அளவுக்கு மிஞ்சிப் பூச்சிமருந்து தெளிப்பது தொழிலின் தேவையாகாது. மண்ணில் வாழும் புழுக்களும் பூவை நாடும் தேனீக்களும் பயிருக்குத் துணை செய்பவை. அவற்றையும் சேர்த்து அழிப்பது விரதத்திற்கும் விளைச்சலுக்கும் ஒருங்கே கேடாகும்.

நீரை வடிகட்டிப் பருகும் வழக்கத்திலும் ஒரு நுட்பம் உண்டு. வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, எந்நீர்நிலையிலிருந்து எடுத்தோமோ அந்நீர்நிலையிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும். உயிரை அதன் இருப்பிடத்திலேயே வாழவிடுதல் என்னும் இன்றைய அறிவியல் கருத்து இச்சிறு வழக்கத்துள் அடங்கியிருக்கிறது.

தனி ஒருவரின் விரதம் ஊராரின் கடமையாக விரிவதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியின் கழிஞ்சமலையில் தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. அதனைச் செய்வித்தவர் அச்சணந்தி அடிகள் என்றும், அதனைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடி என்னும் ஊராருடையது என்றும் அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு அறிவிக்கிறது. அடிகள் அப்பொறுப்பை ஊரார் அனைவரிடமும் ஒப்படைத்தது எண்ணத்தக்கது.

அரிட்டாபட்டிப் பகுதியைத் தமிழக அரசு 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்திற்கென ஏலம் விடப்பட்டது. மேலூர் வட்டாரத்துச் சிற்றூர் மக்கள் சமய வேறுபாடின்றி ஒன்றுகூடி எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை ரத்துச் செய்தது. மலை காக்கப்பட்டபோது சுனைகளும் பறவைகளும் உழுநிலமும் உடன் காக்கப்பட்டன. அருகப் பெருமானின் திருமேனியும் காக்கப்பட்டது. நம் சமயச் சின்னத்தைப் பிற சமயத்தாரும் காத்து நின்றனர் என்பதை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

இனி நாம் செய்யத்தக்கவை சில. ஜினாலயக் கிணறுகளையும் குளங்களையும் ஆண்டுக்கொரு முறை தூர்வாருதல். திருவிழாக்களிலும் அன்னதானத்திலும் வாழையிலையையும் உலோகக் குவளைகளையுமே பயன்படுத்துதல். ஆலய வளாகத்தில் நிழல்மரங்கள் வளர்த்தல். நம் ஊர் அருகிலுள்ள குன்றுகளையும் குகைப்பள்ளிகளையும் இளைஞர்கள் அடிக்கடி சென்று கண்காணித்தல். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. விழிப்பு ஒன்றே போதும்.

உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்கின்றன என்பது உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் காட்டிய உண்மை. மண்ணும் நீரும் மரமும் தம் பங்கைத் தவறாது செய்து வருகின்றன. நம் பங்கு எஞ்சியிருக்கிறது. அதனை விரதமாக ஏற்றுச் செய்வோமாக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!