சீலிங் ஃபேனிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு மாணவன் நான். சின்ன டிரோன்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ரேடாரை புராஜெக்டாகச் செய்ய நினைக்கிறோம். கையில் ஹேக்ஆர்எஃப் ஒன்று இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் எட்டுமா?
- வாசகர், கோவை

பதில்: ஹேக்ஆர்எஃப் நல்ல கருவிதான். ஆனால் அனுப்பும்போது கேட்காது, கேட்கும்போது அனுப்பாது. உங்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே கடிகாரத்தில் நடக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் யூஎஸ்ஆர்பி பி210 இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதன் 56 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 2.7 மீட்டர் முன்பின்னாக உள்ள இரண்டு பொருள்கள் தனித்தனியாகத் தெரியும்.

ஒரு கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். எதிரொலியின் வலு தூரத்தின் நான்காம் அடுக்கில் தேயும். 200 மீட்டரில் கிடைப்பதில் 625-ல் ஒரு பங்குதான் ஒரு கிலோமீட்டரில் மிஞ்சும். சின்ன டிரோன் ரேடார் கண்ணுக்கு ஏறத்தாழ 0.01 சதுர மீட்டர். ஒரு பறவை அளவு. 200 மீட்டரே கௌரவமான இலக்கு.

அங்கும் உங்களைப் படுத்தப்போவது எதிரொலியின் பலவீனம் அல்ல. 5.8 கிகாஹெர்ட்ஸில் 100 மில்லிவாட் அனுப்பி, 20 டெசிபல் ஆன்டெனா இரண்டு வைத்தால், திரும்பி வருவது சுமார் மைனஸ் 110 டிபிஎம். பத்தில் ஒரு விநாடி சேர்த்துக் கூட்டினாலே அது இரைச்சலைத் தாண்டி எழுந்துவிடும். தொல்லையெல்லாம் பக்கத்து ஆன்டெனாவிலிருந்து நேராகக் கசிவதுதான். 55 டெசிபல் தடுத்த பிறகும் கசிவு மைனஸ் 35-ல் நிற்கும். எதிரொலியைப்போல மூன்று கோடி மடங்கு. திருவிழாக் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்று கொசுவின் ரீங்காரத்தைக் கேட்கிற கதை. பி210-ன் 12 பிட் டிஜிட்டல் மாற்றியின் முழு வீச்சே 74 டெசிபல்தான் என்பதால் எதிரொலி கடைசிப் பிட்டுக்கும் கீழே பதுங்கிவிடும்.

எனவே ‘மென்பொருள் ரேடார்’ என்ற பெயரை நம்பி நேரே பைதானில் உட்காராதீர்கள். ஆன்டெனாக்களைத் தள்ளி வைத்து நடுவே அலுமினியத் தகடு நிறுத்துங்கள். கசிவு ரிசீவரை முட்டாத அளவுக்கு கெயினைக் குறையுங்கள். மிச்சத்தை மென்பொருள் கழிக்கட்டும். 2011-ல் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தின் கிரிகோரி சார்வட் குழுவினர் காபி டப்பாக்களையே ஆன்டெனாவாக்கிச் செய்த ரேடாரில், போகும் அலையையும் வரும் அலையையும் மிக்சரிலேயே கலந்து வித்தியாசத்தை மட்டும் லேப்டாப்பின் சவுண்ட் கார்டுக்கு அனுப்பினார்கள். அதையும் படித்துப் பாருங்கள். கசிவை ரொம்பவும் திட்ட வேண்டாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தாமதம் கொஞ்சம் மாறும். பூச்சிய தூரம் எங்கே என்று அப்போது காட்டிக்கொடுப்பது அதுதான்.

அடுத்த சிக்கல், அந்தரத்தில் அசையாமல் நிற்கும் டிரோன். கட்டடம், மரம் இவற்றின் எதிரொலியைக் கழிக்கும்போது அதன் உடலும் சேர்ந்து கழிந்துவிடும். காட்டிக்கொடுப்பது சுழலும் இறக்கைகள் மட்டுமே. 12 செ.மீ. இறக்கை நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் நுனி விநாடிக்கு 75 மீட்டர் போகும். டாப்ளர் 2,900 ஹெர்ட்ஸ். இருபுறமும் குழம்பாமல் அளக்க, விநாடிக்கு 6,000 சிர்ப்புக்கு (அலைவெண் ஏறிச்செல்லும் துடிப்பு) குறையாமல் அனுப்புங்கள்.

இதைச் சோதிக்க டிரோன் எதற்கு? 1,200 மி.மீ. சீலிங் ஃபேனைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நிமிடத்துக்கு 350 சுற்றில் 850 ஹெர்ட்ஸ் வரை பரவ வேண்டும். பரவாவிட்டால் பிழை உங்களிடம். வெளியே அலை அனுப்புமுன் அந்த அலைவரிசைக்கும் மின்திறனுக்கும் என்ன விதி என்று கல்லூரி வழியாகத் தொலைத்தொடர்புத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

பிறகு மொட்டை மாடி. காக்கைகள் விநாடிக்குச் சில முறை சிறகடிப்பது திரையில் அகலமான அலையாகத் தெரியும். சிறகே அடிக்காமல் வட்டமிடும் பருந்துதான் உங்கள் நிரலுக்கு முதல் பரீட்சை.