ஓடைநீரில் உறையும் சிற்றுயிர்கள்

நீரை வடிகட்டிப் பருகுவதும், துணியில் தங்கிய சிற்றுயிர்களை அவை வாழ்ந்த நீர்நிலையிலேயே மீண்டும் விடுவதும் நம் முன்னோர் வகுத்த ஒழுக்கம். அவ்வுயிர்கள் நீரில் ஆற்றும் பணி யாது?

மரநிழல் ஓடையில் வீழும் இலை தானே மட்கி மறைந்துவிடுவதில்லை. முதலில் பூஞ்சைகள் அதன்மேல் படர்ந்து அதனை மென்மையாக்குகின்றன. பின்னர்ப் பூச்சிகளின் இளம்புழுக்கள் அதனைக் கொறிக்கின்றன. எஞ்சிய துகளும் அவற்றின் கழிவும் நீரோடு சென்று, கீழே நுண்வலை பின்னிக் காத்திருக்கும் வேறு புழுக்களுக்கு உணவாகின்றன. மீன்களின் கழிவிலுள்ள நைட்ரஜன் பாசிக்கு உரமாகின்றது. உயிர்கள் ஒன்றற்கொன்று துணை எனத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாம் அத்தியாயத்தில் உரைப்பதை இங்கே கண்கூடாகக் காண்கிறோம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கவீட்டா மலைக்காட்டுச் சிற்றோடை ஒன்றில் 1980ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் மெத்தாக்சிகுளோர் என்னும் பூச்சிக்கொல்லியை இட்டனர். பூச்சியினங்கள் பெருந்திரளாக அழிந்தன. அறிவு பெறுதற்கும் இத்துணை உயிர்க்கொலை வேண்டுமோ என நம் உள்ளம் வருந்தவே செய்கின்றது. இலைகள் மட்குவது தளர்ந்தது. கீழ்நோக்கிச் செல்லும் நுண்துகள்களும் மிகக் குறைந்தன.

உழவையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே பல. வயலில் நாம் தெளிக்கும் மருந்தும் மழைநீரோடு கால்வாயையும் ஏரியையும் அடைகின்றது. வடிகட்டி நாம் திருப்பி விட்ட உயிர்கள் அங்கேதான் உள்ளன.