மியூனிக்கில் எங்கே சாப்பிடலாம்?

மியூனிக்கின் உள்ளூர்ச் சுவையை அதிகச் செலவில்லாமல் அறிய, உணவகத்தைவிட மரநிழல் பீர் தோட்டமே சிறந்தது. குடிப்பதை அங்கே வாங்கினால் போதும். சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம். 1812-இல் பவேரிய மன்னர், பீர் தயாரிப்பாளர்கள் ரொட்டி தவிர வேறு உணவு விற்கக்கூடாது என்று ஆணையிட்டதிலிருந்து வரும் வழக்கம் இது. ஆகவே விக்டுவாலியன்மார்க்ட் சந்தையில் பிரெட்செல் ரொட்டி, முள்ளங்கி, கமாம்பேர் பாலாடைக்கட்டியை வெண்ணெயோடு பிசைந்த ஒபாட்ஸ்டா ஆகியவற்றை வாங்கி, சந்தைக்குள்ளேயே உள்ள தோட்டத்தில் உட்காருங்கள். ஞாயிறு சந்தை கிடையாது.

மது அருந்தாதவர்களுக்கும் சைவர்களுக்கும் அங்கென்ன வேலை என்று கேட்கலாம். மேற்சொன்ன மூன்றிலும் இறைச்சி இல்லை. ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லெயும் தாராளமாகக் கிடைக்கும். அசைவர்கள் வைஸ்வுர்ஸ்ட் என்னும் வெள்ளைத் தொத்திறைச்சியை மதியத்துக்கு முன்பே, இனிப்புக் கடுகு விழுதோடு உண்ணட்டும். அதில் கன்றிறைச்சியோடு பன்றிக்கொழுப்பும் சேரும். ஒன்றில் மட்டும் கவனம்: விரிப்பு போட்ட மேசைகள் உணவகப் பரிமாறலுக்கு உரியவை, அங்கே சொந்தச் சாப்பாட்டைப் பிரிக்கக்கூடாது.