பிள்ளையின் மலத்தில் இரத்தமா?

வலியே இல்லை, ஆனால் மலத்தோடு சிவப்பு இரத்தம் வருகிறதா? "மூலச்சூடு" என்று கைமருந்தோடு நிறுத்திவிடாதீர்கள். 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளில் குடலில் முளைத்த பொலிப் எனும் சதைவளர்ச்சியாகவும் இருக்கலாம்.

• முதல் நாள் பீட்ரூட் சாப்பிட்டதா? அதுவும் மலத்தைச் சிவப்பாக்கும்.

• மலத்தைப் படமெடுத்து, திகதியையும் குறித்துக்கொண்டு, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ ஆதார வைத்தியசாலையிலோ காட்டுங்கள்.

• ஒற்றைப் பொலிப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மயக்கமருந்து கொடுத்து, கமராக் குழாயை மலவாசல் வழியே செலுத்தி அகற்றுவார்கள். வயிற்றைக் கீற வேண்டியதில்லை.

• 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் பரம்பரை நோயா என்று பார்க்க வேண்டும். உதட்டிலும் வாய்க்குள்ளும் கரும்புள்ளிகள் இருப்பது பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோயின் அடையாளமாகலாம்.

• உம்மா வழியிலோ வாப்பா வழியிலோ யாருக்காவது இளவயதில் குடல் புற்றுநோய் வந்ததா? கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சல் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பரம்பரைப் பொலிப் நோய்களில் பெரும்பாலானவை பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு 50 சதவீதம்.

• கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, நிற்காத இரத்தம் என்றால் தாமதிக்காதீர்கள். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம்.